ஆளில்லாத் திடலில் ஆடும் பாவைகள்



கோலா பிலா, ஜொகோல், ஜூவாசே, பஹாவ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "அந்தக் காலத்தில் தோட்டத் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்களே, நீங்கள் முன்னால் உட்கார்ந்து பார்த்தீர்களா, பின்னால் உட்கார்ந்து பார்த்தீர்களா?"

கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். இரண்டு கம்பம், நடுவே ஒரு வெள்ளைத் துணி. முன்னால் பாய் விரித்து இடம் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். பிந்தி வந்த பிள்ளைகள் துணிக்குப் பின்பக்கம் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். அதனால் என்ன? படம் படம்தானே! முன்னும் பின்னும் கூட்டம் நிறைந்த வெள்ளைத் துணி அது.

இன்று உங்களுக்கு வேறொரு வெள்ளைத் துணியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தத் துணியிலும் ஓர் இராமன் வருகிறான், ஓர் இராவணன் வருகிறான். பாட்டு உண்டு, பேச்சு உண்டு, போர் உண்டு. இரவு பத்து மணி போலத் தொடங்கினால் விடியும் வரை நிற்காது. இப்படி ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு என்று நடக்கும். ஆனால் துணிக்கு முன்னால் உள்ள திடலைப் பார்த்தால், பல இரவுகளில் அங்கே ஓர் ஆள்கூட இருப்பதில்லை. ஒரு குழந்தைகூட இருப்பதில்லை. ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் ஒரு பாட்டைக்கூட விடாமல் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இது நடப்பது கேரளத்தில். பாடுகிற பாட்டோ தமிழ்ப் பாட்டு! கம்பர் பாடிய இராமாயணம்.

பெரட்டுக்கு எழும் நேரத்தில்

பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் உள்ள பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்துதான் நான் சொல்வது. நம் தோட்டங்களில் தமிழர்களோடு மலையாளக் குடும்பங்களும் ஒரே லயத்தில் வாழ்ந்தது உங்களுக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய பாட்டன் பூட்டன் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களாகவும் இருக்கலாம். ஆகவே இது முற்றிலும் அயலார் கதையன்று. பக்கத்து வீட்டுக் கதை.

அறுவடை முடிந்து வயல் ஓய்ந்த ஜனவரி மாதம் முதல் மே மாதம் வரை கூத்துக் காலம். கூத்தாடுபவர்கள் ஒரு கோயிலில் முடித்துவிட்டு அடுத்த கோயிலுக்குப் பாவைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எத்தனை இரவு என்பது அந்தந்தக் கோயிலின் வழக்கத்தைப் பொறுத்தது. நாற்பத்தொரு இரவு ஆடும் வழக்கமும் உண்டு. எழுபத்தொரு இரவு ஆடும் வழக்கமும் உண்டு. பட்டாபிஷேகத்தோடு முடிப்பார்கள்.

நம் நாட்டுக்கும் கேரளத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே நீங்கள் காலை ஐந்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, அடுப்பு மூட்டி, பெரட்டுக்குப் புறப்படும்போது, அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. வாழைத்தோட்டம், வயல், கோயில் எல்லாம் உறங்கிக் கிடக்கும். அந்த இருட்டில் ஒரு நீண்ட துணி மட்டும் பொன்னிறமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். உள்ளிருந்து இராமனுக்கும் விபீடணனுக்கும் நடக்கும் பேச்சுக் கேட்கும். கேட்பதற்குத்தான் யாருமில்லை.

யாருமில்லை என்று நாம்தான் சொல்கிறோம். அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அம்மன் பார்க்காமல் விட்ட போர்

அதற்கு ஒரு கதை இருக்கிறது. தாரிகன் என்று ஓர் அசுரன். அவன் கொடுமை தாங்காமல் தேவர்கள் முறையிட, சிவபெருமான் பத்ரகாளியைப் படைத்து அனுப்பினார். காளி தாரிகனோடு போர் செய்துகொண்டிருந்த அதே வேளையில் இலங்கையில் இராம இராவண யுத்தம் நடந்து முடிந்துவிட்டது. தாரிகனை வென்று திரும்பிய அம்மனுக்கு ஒரு குறை. "உலகமே பார்த்த போரை நான் பார்க்கவில்லையே!" என்று கேட்டாள். ஆண்டுதோறும் அந்தப் போரை நிழலாக உனக்கு ஆடிக் காட்டச் செய்கிறேன் என்று சிவபெருமான் வாக்குக் கொடுத்தார்.

வேலைக்குப் போனதால் ஊர்த் திருவிழாவைப் பார்க்க முடியாமல் போன ஒரு பெண்ணின் குறை இது. இரட்டை வெட்டு வெட்டிவிட்டு வருவதற்குள் கோயில் பூசை முடிந்துபோன அனுபவம் நம் தாய்மார்களுக்கு இல்லையா? அவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

ஆகவே கூத்துமாடம் எப்போதும் அம்மன் சன்னதியை நோக்கியே கட்டப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியவள் அவள். மனிதர்கள் வந்தால் உட்காரலாம், கேட்கலாம், போகலாம். வராவிட்டால் கூத்து நிற்காது.

மாடமும் விளக்கும்

கூத்துமாடம் என்பது கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் தனியாக நிற்கும் நீண்ட கட்டடம். ஏறக்குறைய 42 அடி நீளம் இருக்கும். ஆளுயரத்துக்கு மேடை எழுப்பி, முன்பக்கம் திறந்து விட்டிருப்பார்கள். அந்தத் திறப்பில்தான் திரை கட்டுவார்கள். மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. பாவைகள் வெள்ளையில் நடமாடும். கறுப்பு, உள்ளே அமர்ந்திருப்பவர்களை மறைக்கும்.

திரைக்குப் பின்னால் ஒரு நீண்ட பலகை. அதன்மேல் இருபத்தொரு விளக்குகள் ஒரே வரிசையில் இருக்கும். வெள்ளி விளக்கென்றோ வெண்கல விளக்கென்றோ எண்ணிவிடாதீர்கள். தேங்காயை இரண்டாக உடைத்து, அந்த மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்குகள். கூத்து தொடங்குமுன் கோயிலின் உள்ளிருந்து தீபம் கொண்டுவந்து அதிலிருந்துதான் இவற்றை ஏற்றுவார்கள். அம்மனின் சாமியாடியாகிய வெளிச்சப்பாடு வந்து அருள்வாக்குச் சொல்லி உத்தரவு கொடுப்பார்.

பாவைகள் தோலில் வெட்டியவை. முன்பு மான்தோல். இப்போது ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும். தோலை மயிர் நீக்கி, காயவைத்து, உருவம் வரைந்து, சிறு உளிகளால் புள்ளி புள்ளியாகத் துளையிடுவார்கள். மணிமுடியும் மாலையும் உடையின் மடிப்பும் அந்தத் துளைகளில்தான் உருவாகின்றன. விளக்கு வெளிச்சம் துளை வழியே பாயும்போது, கறுத்த நிழலுக்குள் நகைகள் மின்னும். முழு இராமாயணத்தையும் ஆட 160 பாவைகளுக்குக் குறையாமல் வேண்டும். ஏனென்றால் ஒரே இராமனுக்கே நிற்கும் பாவை, இருக்கும் பாவை, நடக்கும் பாவை, போர் செய்யும் பாவை என்று பல உண்டு.

பேச்சு நடக்கும்போது பாவைகளை முள்ளால் திரையோடு குத்தி நிறுத்திவிடுவார்கள். போர் வந்தால் கையில் எடுத்துக்கொண்டு திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுவார்கள். பொடித்த பிசினை விளக்குச் சுடரில் வீசுவார்கள். குபீரென்று தீ எழும்பும், திரை முழுவதும் நெருப்பாகும். செண்டை முழங்கும், தாளம் அதிரும், சங்கு ஊதும். வெளியே யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்துதான் ஆகவேண்டும்!

பாட்டு ஒன்று, பேச்சு நூறு

இரவு முழுவதும் அப்படி என்னதான் பேசுவார்கள் என்று கேட்கிறீர்களா? முதலில் கம்பராமாயணத்தைத் தழுவிய ஒரு பாட்டைப் பாடுவார்கள். பிறகு ஒருவர் பொருள் சொல்வார். இன்னொருவர் கேள்வி கேட்பார். பதில் சொல்லப் போய் ஒரு பழமொழி வரும், பழமொழியிலிருந்து ஒரு புராணக் கதை வரும், அதிலிருந்து இலக்கணம் வரும், மருத்துவம் வரும், நையாண்டியும் வரும். ஒரே பாட்டுக்கு அரைமணி நேரம் ஓடிவிடும். பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. ஒரு கூத்துக்காரர் முழுத் தேர்ச்சி பெற வேண்டுமானால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பார்கள். இதைக் கற்றுத் தேர்ந்தவரை ஊர் மரியாதையாகப் 'புலவர்' என்று அழைக்கும்.

மலையாள நாட்டில் தமிழ்ப் பாட்டு எப்படி வந்தது? பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தமிழ் நாட்டிலிருந்து வணிகம் செய்யவும் நெசவு செய்யவும் குடியேறிய வெள்ளாளச் செட்டியார் முதலிய சமூகத்தார் அதைக் கொண்டு வந்தார்கள். இவர்களில் சின்னத்தம்பி வாத்தியார் என்பவர்தான் கூத்துக்கு வடிவம் கொடுத்தார் என்று வாய்வழியாகச் சொல்லி வருகிறார்கள். இராமாயணம் படிக்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்க, சாதியைக் காரணம் காட்டி அவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் எல்லோரும் கேட்கும்படி வெட்டவெளியில் சொல்கிறேன் என்று அவர் பாவை வெட்டினாராம்.

இது நடந்த கதையோ, சொல்லிச் சொல்லி வளர்ந்த கதையோ, அதிலுள்ள வலியும் வைராக்கியமும் உண்மையானவை. கதவு அடைக்கப்பட்டவர்கள் திறந்தவெளியில் தங்களுக்கென்று ஒரு மேடை கட்டிக்கொண்டார்கள். கடல் கடந்து வந்து, ரப்பர்க் காட்டுக்கு நடுவே ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மா என்று கும்பிட்டுத் திருவிழா எடுத்த நம் முன்னோரும் அதைத்தானே செய்தார்கள்?

இந்தக் கூத்தில் இன்னொரு சிறப்பு உண்டு. எதிரிக்கும் வாய் கொடுத்துப் பேச விடுவார்கள். சூர்ப்பணகை நாம் படத்தில் பார்த்த வெறும் அரக்கியாக மட்டும் இங்கே வருவதில்லை. அவளுக்குச் சம்புகுமாரன் என்று ஒரு மகன். காட்டில் தவம் செய்துகொண்டிருந்த அந்தப் பிள்ளை இலக்குவன் கையால் மாண்டுபோகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகத்தான் அவள் கதைக்குள் நுழைகிறாள். கம்பர் பாடாத இந்தப் பகுதியை நாட்டார் கதையிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அவளுடைய பாவை திரையில் அழும்போது யார் பக்கம் நியாயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வரும். வரட்டும் என்றுதான் புலவர்கள் விட்டிருக்கிறார்கள்.

யாருக்காகப் பேசுகிறார்கள்?

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் பல இரவுகள் கூத்துமாடத்துக்குள்ளேயே உட்கார்ந்து இதைக் கேட்டுப் பதிவு செய்து, 1996ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். முன்னால் ஆளில்லாத கூத்து எப்படி உயிரோடு இருக்கிறது என்பதுதான் அவரை வியக்க வைத்த கேள்வி. அவர் கண்டது இது: வெளியே ஆளில்லாததால், உள்ளே இருக்கும் புலவர்கள் ஒருவருக்கொருவர் சபையாகிவிடுகிறார்கள். ஒருவர் கேள்வியால் மடக்குகிறார். மற்றவர் பதிலால் வெல்கிறார். நல்ல பதிலுக்கு அந்த நாலைந்து பேர்தான் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டல் போதும் அவர்களுக்கு.

தனியாக நிரையில் நின்று மரம் வெட்டுகிறவருக்கு இது விளங்கும். கோடு சீராக விழுந்திருக்கிறதா, பட்டை காயம்படாமல் இருக்கிறதா என்று யார் வந்து பார்க்கிறார்கள்? கங்காணி பார்ப்பதற்கு முன்பே வெட்டுகிறவரின் கைக்குத் தெரியும், இன்றைய வெட்டு நல்ல வெட்டா இல்லையா என்று. யாரும் பார்க்காத இடத்தில் வேலையை ஒழுங்காகச் செய்கிறவரிடம் ஒரு பெருமிதம் இருக்கிறது. கூத்துமாடத்திலும் அதே பெருமிதம்தான்.

செலவுக்கு என்ன வழி? நம் கோயில்களில் உபயம் எடுப்பது போலத்தான். ஒரு குடும்பம் ஓர் இரவுக் கூத்தை நேர்ந்துகொள்ளும். பிள்ளை பிறக்க வேண்டும், நோய் தீர வேண்டும், வழக்கு முடிய வேண்டும் என்று நேர்ச்சை. கூத்தின் தொடக்கத்தில் வரும் அந்தணர் பாவைகள் உபயக்காரர் பெயரைச் சொல்லி, அவர் குடும்பம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும். அந்த வாழ்த்தைக் கேட்க உபயக்காரரே சில வேளை இருப்பதில்லை. பெயரைச் சொல்லியாகிவிட்டது, அம்மன் காதில் விழுந்துவிட்டது என்று அவர் வீட்டில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பார்!

ஆனால் வாசகர்களே, இதில் ஒரு கவலையும் இருக்கிறது. அம்மன் ஒருத்தி பார்த்தால் கூத்து நடந்துவிடும். ஆனால் அதைக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் வருவார்களா? இரவெல்லாம் விழித்து, ஆண்டில் சில மாதம் மட்டும் கிடைக்கும் சொற்ப வருமானத்துக்காக, மூவாயிரம் பாட்டை மனப்பாடம் செய்ய எந்த இளைஞன் முன்வருவான்? பார்க்க ஆளில்லாமல் பல தலைமுறை தாங்கிய கூத்து, படிக்க ஆளில்லாமல் ஒரே தலைமுறையில் நின்றுவிடக்கூடும்.

மாடத்தை விட்டு இறங்கிய புலவர்

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் கிருஷ்ணன்குட்டிப் புலவர். ஷொரனூருக்கு அருகில் கூனத்தறை என்ற ஊரைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்தில் கவளப்பாறை ஆரியங்காவுக் கோயிலில் இருபத்தொரு நாள் கூத்து பெயர் பெற்றது. அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். கோயில் மாடத்தில் மட்டுமே ஆடி வந்த பாவைகளை வெளியூர் மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். இருபத்தொரு இரவுக் கதையைச் சுருக்கி ஒரு மணி நேரத்தில் பார்க்கும்படி அமைத்தார்.

இது சரியா, தவறா? அம்மனுக்கென்று ஏற்பட்டதை மேடையில் காட்டலாமா என்று கேட்பவர்களின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பாவைகளின் ஓட்டத்தைக் காட்டலாம். இரவெல்லாம் ஓடும் அந்தப் பேச்சை, ஒரு பாட்டிலிருந்து நூறு கதை கிளைக்கும் அழகைக் காட்ட முடியாது. மேடைக்கு வந்த கூத்து அந்த அளவுக்கு மெலிந்துதான் போகிறது. ஆனால் புலவர் மாடத்துக் கூத்தை விட்டுவிடவில்லை. கோயிலில் முழு இரவு, மேடையில் ஒரு மணி நேரம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார். வெளியே கிடைத்த பெயரும் வருமானமும்தான் அவருடைய பிள்ளைகளைக் கூத்திலேயே நிறுத்தின.

அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் தொடர்ந்தார். காந்தியடிகளின் வாழ்க்கையைப் பாவைக்கூத்தாக்கினார். இயேசுநாதர் கதையையும் தோலில் வெட்டினார். 2021ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

பெண்களும் மாடத்துக்கு வெளியே நின்றார்கள்

இவ்வளவு சொன்ன நான் ஒன்றை மறைக்கக் கூடாது. அம்மனுக்காக ஆடப்படும் இந்தக் கூத்தில், மாடத்தில் ஏறிப் பாவையைப் பிடிக்கப் பெண்களுக்கு வழக்கம் இல்லை. வீட்டில் தோலைப் பதப்படுத்தவும், துளையிடவும், வண்ணம் தீட்டவும் பெண்களின் கை வேண்டும். திரைக்குப் பின்னால் அமர மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

அந்த வழக்கத்துக்கு எதிரே வந்து நின்றவர் இராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா. சிறு வயதிலிருந்து வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய கூத்தை, 2021ஆம் ஆண்டு வாக்கில், பெண்கள் மட்டுமே நடத்தும் குழுவாக மேடைக்குக் கொண்டு வந்தார். பெண்களின் வாழ்க்கையையே கதையாக எடுத்துக்கொண்டார்கள். போரைப் பார்க்க முடியாமல் போன ஒரு பெண்ணின் குறையைத் தீர்க்கப் பிறந்த கூத்தில், பெண் வந்து உட்கார இத்தனை காலம் ஆயிற்று!

நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. இங்கே மலாய்ச் சமூகத்தின் அடாட் பெர்பாத்தே முறையில் குலம் தாய்வழியாக வருகிறது, பூர்வீக நிலம் மகளுக்குச் சேருகிறது. மகள் கையில் கொடுத்தால் குலம் வாழும் என்று நம்பும் மண்ணில் நாம் இருக்கிறோம். கலையும் அப்படி மகள் கையில் வாழட்டுமே.

நம் நாட்டு நிழலும் தாய்நாட்டு நிழலும்

'இதெல்லாம் எங்கோ கேரளத்தில் நடப்பது' என்று நினைக்க வேண்டாம். நம் மலேசியாவிலேயே, கிளந்தானில், இதே இராமன் கதை தோல்பாவையாக ஆடப்படுகிறது. வாயாங் கூலிட் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே இராமன் 'ஸ்ரீ ராமா', சீதை 'சித்தி தேவி', இலக்குவன் 'லக்சமணா'. மரத்தால் கட்டிய சிறு கொட்டகை, முன்னால் வெள்ளைத் துணி, உள்ளே ஒரு விளக்கு. 'டாலாங்' எனப்படும் ஒருவரே எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசுவார். பாக் டோகோல், வாக் லோங் என்ற இரு கோமாளிகள் வந்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

தமிழ் நாட்டிலும் தோல்பாவைக்கூத்து உண்டு. மதுரை, நெல்லை, குமரி மாவட்டங்களில் ஒரு குடும்பமே குழுவாகி ஊர் ஊராகப் போகும். கொட்டகை போட்டுப் பத்து இரவு இராமாயணம் நடத்தும். அங்கேயும் இரண்டு கோமாளிகள்: உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இராமனுக்குப் பக்கத்தில் இரண்டு கோமாளிகள் நின்று ஊர்வம்பு பேசுகிறார்கள் பாருங்கள்! ஆனால் அம்மன் ஆதரவு தமிழ் நாட்டுக் குழுக்களுக்குக் கிடைக்கவில்லை. கூட்டம் வந்தால்தான் சோறு. சினிமாக் கொட்டகையும் பிறகு தொலைக்காட்சியும் வந்தபின் கூட்டம் குறைந்தது. பல குடும்பங்கள் பாவைகளைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டன.

கிளந்தானிலோ 1990களில் மாநில அரசின் கட்டுப்பாடுகள் வந்தன. திறந்தவெளி ஆட்டங்கள் அருகின. ஆக மூன்று இடத்திலும் ஒரே நிழல், மூன்று விதமான சோதனை. கேரளத்தில் காப்பாற்றியது கோயிலின் கடமை. அந்தக் கடமையோடு புதிய சபையையும் தேடிக்கொண்டதால்தான் கூனத்தறைக் குடும்பம் நிற்கிறது. கடமை மட்டும் போதாது. கைதட்டல் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் சேர வேண்டும்.

நம் திடலுக்கு வருவோம்

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். எத்தனையோ தோட்டங்களில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுத் திருவிழா அன்று எல்லோரும் காரில் வருகிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள், அன்னதானம் சாப்பிடுகிறார்கள், இரவு மேடையில் பிள்ளைகள் ஆடத் தொடங்கும்போது காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு ஆடிக் காட்டுகிறார்கள்.

அவர்கள் புலவர்கள் அல்லர். அம்மன் பார்க்கிறாள் என்று அடுத்த ஆண்டும் ஏறி ஆட அவர்களுக்கு மனம் வராது. அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சபை. அரைமணி நேரம் இருந்து பார்த்துவிட்டு, ஒரு தடவை கைதட்டிவிட்டுப் போங்கள். அதைவிடப் பெரிய உபயம் வேறு இல்லை.

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு நிழல் கூத்து நடத்திப் பாருங்கள். செலவே இல்லை. தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஐந்தடியில் கட்டுங்கள். பழைய நாள்காட்டி அட்டையிலோ பிஸ்கட் பெட்டியிலோ உருவங்களை வெட்டுங்கள். கண், மாலை, முடி இருக்கும் இடத்தில் ஆணியால் துளையிடுங்கள். செம்பனை ஓலையின் ஈர்க்குகளைக் கட்டாகச் சேர்த்து ஒட்டினால் கைப்பிடி ஆயிற்று. துணிக்குப் பின்னால் ஒரு டார்ச் லைட் போதும். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாகத் தெரியும். விளக்குப் பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகி அரக்கனாகும். பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதைக்கு எங்கும் போக வேண்டாம். பாட்டி கப்பலில் வந்த கதை, தாத்தா புலியைப் பார்த்து மரத்தில் ஏறிய கதை, வெள்ளைக்கார துரை மோட்டார் சைக்கிளில் வந்து வாய்க்காலில் விழுந்த கதை, இவையெல்லாம் உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. பேச்சைப் பாட்டியே பேசட்டும். பாவையைப் பேத்தி பிடிக்கட்டும். ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குப் பாட்டி தாவினால் தடுக்காதீர்கள். புலவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அன்றைக்கு முன்னால் இடம் கிடைக்காத குழந்தைகள் பின்னால் வந்து உட்காருவார்கள். விரட்டிவிடாதீர்கள். பாவையை யார் பிடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார் என்று அவர்கள் பார்க்கட்டும். நாளைக்கு ஆட வேண்டியவர்கள் அவர்கள்தானே!